ஸ்வீட்கம் மரத்துக்கு ஒரு வக்காலத்து

அக்டோபர் பொறந்துட்டா போதும், நம்ம ஜனங்களுக்குக் கால் தரையில நிக்காது. காரை எடுத்துக்கிட்டு மூணு மணி, நாலு மணி நேரம் ஓட்டி ப்ளூ ரிட்ஜ் பார்க்வே போறதென்ன, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிச்சு வெச்சுக்கிட்டு செவந்த மரத்துக்கு முன்னாடி குடும்பத்தோட போஸ் கொடுக்கறதென்ன! போகட்டும், வேண்டாம்னு சொல்லலை. ஆனா அதே ஆசாமி ஞாயித்துக்கிழமை ராத்திரி வீட்டுக்குத் திரும்பி, திங்கக்கிழமை காலையில மரம் வெட்டறவனுக்கு போன் பண்ணி "எங்க பேக்யார்ட்ல ஒரு ஸ்வீட்கம் இருக்கு, எடுக்க எவ்ளோ ஆகும்?"னு கேட்கறார் பாருங்க, அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

ஏன்னா அவர் அத்தனை தூரம் போய் போட்டோ எடுத்த சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, கத்திரிப்பூ கலர் எல்லாத்தையும் ஒரே மரத்துல, சில சமயம் ஒரே கிளையில காட்டற மரம் இந்த ஸ்வீட்கம். அதுவும் நாம குடியிருக்கற இந்த வட கரோலினா மண்ணிலேயே பொறந்து வளர்ந்த மரம். கிழக்கே கனெக்டிகட்ல ஆரம்பிச்சு ஃப்ளோரிடா வரைக்கும், மேற்கே கிழக்கு டெக்சாஸ் வரைக்கும் தானா வளருது. அதுக்கும் தெற்கே மெக்சிகோ, குவாத்தமாலா மலைக்காடுகள்லயும் இருக்கு. நாமதான் வந்தேறிங்க, அது இல்லை :-)

சரி, மேட்டருக்கு வருவோம்.

முதல்ல மரத்தை அடையாளம் தெரிஞ்சுக்கணும். நம்மாளுங்க பாதிப்பேர் இதை மேப்பிள்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. இலை அஞ்சு முனை, சில சமயம் ஏழு முனையோட நட்சத்திரம் மாதிரி இருக்கும். மேப்பிள்ல இலைங்க ஜோடி ஜோடியா எதிரெதிரா முளைக்கும், இதுல ஒண்ணு விட்டு ஒண்ணு மாறி மாறி முளைக்கும். அப்பவும் சந்தேகமா இருந்தா இலையைக் கசக்கி மோந்து பாருங்க. பிசின் மாதிரி ஒரு இனிப்பு வாசனை வந்தா அது ஸ்வீட்கம்தான். சின்னக் கிளைகள்ல தக்கை மாதிரி விளிம்பு கட்டி நிக்கறதும் உண்டு. இதெல்லாம் எதுக்கு, கீழே முள்ளு உருண்டை கெடக்கா பாருங்கன்னு சொன்னா முடிஞ்சது!

அந்த உருண்டைதான் பிரச்சினையே. கம்பால்னு பேரு. ஆமணக்குக் காயைக் காயவெச்சு மரத்துல செதுக்கின மாதிரி ஒரு இஞ்ச், ஒன்றரை இஞ்ச்ல ஒரு முள்ளுருண்டை. வெறுங்கால்ல மிதிச்சா நெருஞ்சி முள்ளெல்லாம் பிச்சை வாங்கணும். செருப்புக் காலோட மிதிச்சா உருண்டு கணுக்கால் பிசகும். சாயங்காலம் டிரைவ்வேல காரை விட்டு இறங்கும்போது கவனிக்கலைன்னா சாஷ்டாங்க நமஸ்காரம்தான். அதுவும் ஒரு வாரத்துல கொட்டி முடியற கதை கிடையாது. பனிக்காலம் பூரா கொஞ்சம் கொஞ்சமா, பங்குனி வரைக்கும் கொட்டிக்கிட்டே இருக்கும். சீக்கிரத்துல மக்கவும் மக்காது.

இன்னும் ரெண்டு குத்தம் இருக்கு. வேர் ஆழமா போகாம மேலாகவே ஓடும், பக்கத்துல சிமெண்ட் நடைபாதை இருந்தா தூக்கிடும். அப்புறம், சும்மா வெட்டிப்போட்டா அடங்காது, அடிக்கட்டையில இருந்தும் வேர்ல இருந்தும் திரும்பத் துளிர்க்கும். இதெல்லாம் உண்மை. மரத்துக்கு வக்காலத்து வாங்கறேன்னு இதை மறைக்க மாட்டேன்.

என் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். இதுக்குத் தண்டனை மரண தண்டனையா?

முருங்கையில கம்பளிப்பூச்சி அப்பினா மரத்தையா வெட்டறோம்? தென்னைமரம் தேங்காயையும் மட்டையையும் தலைமேல போடும். அதுக்குப் பயந்து யாரும் தென்னையை வெட்டினதாத் தெரியலை, கீழே கட்டிலைப் போட்டுப் படுக்காம இருக்கோம், அவ்ளோதான். அந்த மரங்க நமக்கு என்ன தருதுன்னு தெரியும், அதனால பொறுத்துக்கறோம். இந்த மரம் என்ன தருதுன்னு தெரியாததுனால பொறுக்க மாட்டேங்கறோம்.

என்ன தருது? என் வீட்டு மேற்குப் பக்கத்துல ஒண்ணு நிக்குது. நாங்க வாங்கறதுக்கு முன்னாடியே ஐம்பது அடிக்கு மேல வளர்ந்த மரம். ஜூலை மாசத்து மத்தியானத்துல அந்தப் பக்கத்து ரூமுக்கும் தெருப்பக்கத்து ரூமுக்கும் இருக்கற வித்தியாசத்தை யாரும் தெர்மாமீட்டர் வெச்சு அளக்க வேண்டாம், உள்ளே நுழைஞ்சாலே தெரியும். இலை உதிர்ற மரம்கறதால பனிக்காலத்துல வெயிலை உள்ளே விட்டுடும். வெயில் வேணாம்ங்கறப்போ மறைச்சு, வேணும்ங்கறப்போ விடற இந்தப் புத்தி எந்த ஏசி மெஷினுக்கு இருக்கு?

பறவைங்க கதை தனி. நாம திட்டற அந்த முள்ளுருண்டைக்குள்ளதான் விதை இருக்கு. பனிக்காலத்துல வேற எதுவும் கிடைக்காத நேரத்துல கோல்ட்ஃபிஞ்ச், சிக்கடீ எல்லாம் அதைத் தலைகீழாத் தொங்கிக்கிட்டுக் கொத்தும். அணில் பத்திக் கேக்கவே வேணாம். லூனா மாத்னு ஒரு விட்டில் இருக்கு. வெளிர் பச்சையில உள்ளங்கை அளவு, ரெண்டு நீள வாலோட, தேவதை மாதிரி. அதோட புழு தின்கற இலைகள்ல இதுவும் ஒண்ணு. வளர்ந்த பூச்சி ஒரு வாரம்போலத்தான் உயிரோட இருக்கும், சாப்பாடே கிடையாது. ராத்திரி வாசல் லைட்டுல ஒரே ஒரு தடவை அது வந்து உக்காந்ததைப் பாத்தவங்க அதுக்கப்புறம் கோடாலியைத் தூக்க மாட்டாங்க.

கொசுறா கொஞ்சம் சரித்திரம். 1519-ல கோர்த்தெஸ் கூட்டம் மெக்சிகோவுக்குப் போனப்போ, அஸ்டெக் ராஜா மொக்டெசுமா சாப்பாட்டுக்கு அப்புறம் இந்த மரத்துப் பிசினைப் புகையிலையோட கலந்து குழாய்ல புகைச்சதை, கூடப்போன பெர்னால் தியாஸ்ங்கற சிப்பாய் எழுதி வெச்சிருக்கார். 1681-ல ஜான் பானிஸ்டர்ங்கற பாதிரியார் வர்ஜீனியாவுல இருந்து லண்டன் பிஷப் காம்ப்டனுக்கு இதை அனுப்பி வெச்சு இங்கிலாந்துலயும் வளர்ந்துச்சு. 1753-ல லின்னேயஸ் வெச்ச பேரு லிக்விடாம்பர் ஸ்டைராசிஃபுளூவா. லிக்விடாம்பர்னா திரவ அம்பர். பிசினைப் பாத்து வெச்ச பேரு. இதோட துருக்கி நாட்டுப் பங்காளி மரத்துப் பிசின்தான் நம்ம நாட்டு மருந்துல வர்ற சிலாரசம். இதோட விதையில ஷிகிமிக் அமிலம் இருக்கு. டாமிஃப்ளூ மாத்திரைக்கு மூலப்பொருள் அதுதான். அந்த அமிலத்தைப் பெரும்பாலும் எதுல இருந்து எடுத்தாங்க தெரியுமா? நாம பிரியாணியில போடற அன்னாசிப்பூவுல இருந்து! (உடனே கம்பால் கஷாயம் போட்டுக் குடிச்சுடாதீங்க மக்களே. அமிலத்தை மாத்திரையாக்க ஃபேக்டரி வேணும், தங்கமணியோட மிக்சி பத்தாது.)

இப்ப எனக்கு வயித்தெரிச்சலைக் கிளப்பின விஷயம். எங்க குடியிருப்புல நடக்கற பாதையை ஒட்டி வரிசையா பதினோரு ஸ்வீட்கம் நிக்குது. போன பனிக்காலத்துல ஒருத்தர் கம்பால் மேல கால் வெச்சு விழுந்து மணிக்கட்டு உடைஞ்சுபோச்சு. பாவம், கட்டோட ஒன்றரை மாசம் அல்லாடினார். உடனே எங்க ஹெச்.ஓ.ஏ. கூடி, பதினோரு மரத்தையும் எடுத்துட்டு வேற அழகு மரம் வைக்கலாம்னு ஒரு திட்டம் போட்டிருக்கு. வர்ற ஜனவரியில ஓட்டெடுப்பு.

நான் எதிர்த்துப் பேசினேன். கூட்டம் முடிஞ்சு வெளியில வந்ததும் நம்ம ஊர் நண்பர் ஒருத்தர் பிடிச்சுக்கிட்டார். "உங்கம்மா முட்டி ஆபரேஷன் பண்ணிக்கிட்டு தினமும் அந்தப் பாதையிலதானே நடக்கறாங்க? நாளைக்கு அவங்க விழுந்தா இந்த மரமா வந்து தூக்கப்போகுது?"ன்னார்.

நியாயமான கேள்விங்க. சிரிச்சு மழுப்பற கேள்வி இல்லை. அம்மா விழுந்தா என் கதி என்னன்னு நானும் யோசிக்காம இல்லை. அம்மாகிட்டயே சொன்னேன். தஞ்சாவூர்ப் பக்கத்து மனுஷி, ஒரே வரியில முடிச்சிட்டாங்க: "ஏன்டா, வேப்பம்பழம் கொட்டுதுன்னு வேப்பமரத்தை வெட்டுனவன் உண்டா? வெளக்குமாறு எதுக்கு இருக்கு?"

அந்த வெளக்குமாறைத்தான் நான் அடுத்த கூட்டத்துல கொண்டுபோகப் போறேன். பதினொண்ணுல மூணு மரம் மட்டும்தான் பாதைக்கு நேர் மேல கிளை விரிச்சு, வேரால சிமெண்டையும் தூக்கியிருக்கு. அந்த மூணை எடுக்கறதுக்கு நானே கை தூக்கறேன். மனுஷன் கைகால் முக்கியம். மிச்ச எட்டும் பாதையில இருந்து தள்ளி புல்தரையில நிக்குது. அதுங்க அடியில புல்லை எடுத்துட்டு அகலமா மல்ச் போட்டுட்டா அங்க யாரும் நடக்கப் போறதில்லை, மெஷின் விட்டுப் புல் வெட்டறவங்களுக்கும் தொல்லை இல்லை. பாதையை மட்டும் டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ப்ளோயர் வெச்சு ஊதச் சொல்லணும். இலைக்காக எப்படியும் ஆள் வெச்சு ஊதறோம், அதையே இன்னும் கொஞ்ச மாசம் நீட்டணும், அவ்ளோதான். பதினோரு பெரிய மரத்தை வெட்டி, கட்டையைத் தோண்டி, புது மரம் வைக்கற செலவோட இதை ஒப்பிட்டுப் பாருங்க.

"வேற அழகு மரம்"ங்கற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பயம். இதே மாதிரிதான் 1960-கள்ல பிராட்ஃபோர்ட் பேர்னு ஒரு மரத்தை அழகு மரம்னு சொல்லி இந்த நாட்டுல கொண்டுவந்து விட்டாங்க. பூர்வீகம் சீனா. காய் கொட்டாது, வெள்ளை வெளேர்னு பூக்கும், குடைமாதிரி இருக்கும்னு தெருத்தெருவா வெச்சாங்க. என்ன ஆச்சு? பூ வாசனை கருவாடு. பதினஞ்சு இருபது வருஷத்துல காத்துக்கு நடுவுல பொளந்துக்கும். தன்னந்தனியா இருந்தா காய்க்காதுன்னு சொன்ன மரம், மத்த பேர் வகைகளோட கலந்து காய்ச்சு, பறவைங்க வழியா காடுமேடெல்லாம் முள்ளுப்புதரா பரவிடுச்சு. நம்ம ஊர் சீமைக்கருவேலம் கதையேதான். கடைசியில ஒஹையோ 2023-லயும், பென்சில்வேனியாவும் தென் கரோலினாவும் 2024-லயும் விக்கவே கூடாதுன்னு தடை போட்டாங்க. எங்க வட கரோலினாவுல அதை வெட்டிட்டு வந்தா பதிலுக்கு இந்த மண்ணு மரக்கன்னு தர்ற திட்டமே இருக்கு. குப்பை போடற சொந்த மரத்தைத் துரத்திட்டு, குப்பை போடாத அசலூர் மரத்தைக் கூட்டிட்டு வந்தா எங்க போய் முடியும்ங்கறதுக்கு இதைவிடப் பாடம் வேணுமா?

இவ்ளோ பேசிட்டு எல்லாரும் ஆளுக்கொண்ணு நடுங்கன்னு சொல்லுவேன்னு நினைச்சீங்கன்னா, இல்லை. நிக்கற மரத்தைக் காப்பாத்துங்கன்னு சொல்றது வேற, புதுசா நடுங்கன்னு சொல்றது வேற. டவுன்ஹவுஸ்ல கைக்குட்டை அளவு கொல்லை வெச்சிருக்கறவங்க தயவுசெய்து வேண்டாம். இது வீட்டுத் தோட்டத்துலயே அறுபது எழுபத்தஞ்சு அடி போகும், நாப்பது அடிக்கு மேல விரியும்.

இடமும் பாக்கணும். எங்க பக்கத்துச் செம்மண் களி இதுக்கு அல்வா மாதிரி. அமிலத்தன்மை உள்ள மண்ணு, ஈரம், முழு வெயில், இது மூணும்தான் இதோட தேவை. நியூ ஜெர்சி, அட்லாண்டா, ஹூஸ்டன் ஜனங்க தாராளமா வைக்கலாம். டாலஸ் பக்கம் பிளேனோ, ஃப்ரிஸ்கோல இருக்கறவங்க யோசிச்சு செய்யுங்க. அங்க சுண்ணாம்புச்சத்துள்ள கரிசல்மண், இரும்புச்சத்து எடுக்க முடியாம இலை வெளுத்துப்போய் நரம்பு மட்டும் பச்சையா நிக்கும். வருஷா வருஷம் மருந்து ஊத்தி ஒரு நோயாளியை வளர்க்கறதுக்குப் பதிலா அந்த மண்ணுக்கேத்த மரத்தை வைக்கலாம். சிகாகோ மாதிரி குளிர் ஊர்ல மொரெய்ன்னு ஒரு வகை குளிர் தாங்கும், அதைக் கேட்டு வாங்குங்க. கலிஃபோர்னியா பே ஏரியா மக்களுக்கு நான் சொல்லவே வேணாம், உங்க தெருவெல்லாம் லிக்விடாம்பர்தான், தூக்கின நடைபாதையும் அதோடதுதான். அங்க பல ஊர்கள்ல அனுமதி இல்லாம தெரு மரத்துல கைவைக்க முடியாது, விசாரிச்சுக்குங்க.

நடறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா? எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

கன்னை இலை நிறம் மாறற காலத்துலயே நர்சரிக்குப் போய்ப் பாத்து வெச்சுக்குங்க. விதையில இருந்து வந்த கன்னு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நிறம் காட்டும், சிலது வெறும் மஞ்சளோட நிறுத்திக்கும். சிவப்பு வேணும்னா சிவப்பைக் கண்ணால பாத்து வாங்கறதுதான் புத்திசாலித்தனம். நடறது வசந்தகால ஆரம்பத்துல. இதோட வேர் சதைப்பிடிப்பானது, புது இடத்துல ஒட்டிக்கக் கொஞ்சம் நாளாகும். அதனாலயே ரொம்பப் பெரிய கன்னும் வேண்டாம். சின்னதா வெச்சா சீக்கிரம் பிடிச்சுக்கும்.

வீட்டுச் சுவர்ல இருந்து இருபது அடியாவது தள்ளி, டிரைவ்வே, நடைபாதையில இருந்து குறைஞ்சது பத்தடி தள்ளி வைங்க. குழி வேர்க்கட்டியை விட ரெண்டு மூணு மடங்கு அகலம், ஆழம் மட்டும் வேர்க்கட்டி அளவுதான். அடிமரம் விரிஞ்சு வேராகற இடம் மண்ணுக்கு மேல தெரியணும். தொட்டியில சுத்திச் சுத்தி வளர்ந்த வேர் இருந்தா வெட்டிப் பிரிச்சு விடுங்க. மல்ச் ரெண்டு மூணு இஞ்ச், ஆனா அடிமரத்தைத் தொடக்கூடாது. இங்க பாதி வீட்டுல மரத்தைச் சுத்தி எரிமலை மாதிரி மல்ச் குவிச்சு வெச்சிருக்கான், அது மரத்துக்குக் கழுத்துல துண்டைப் போட்டு இறுக்கற மாதிரி, பட்டை அழுகிடும்.

முதல் ரெண்டு மூணு வருஷம் மழை இல்லாத வாரம் எல்லாம் ஆழமா ஒரு தடவை தண்ணி. தினமும் தெளிக்கறது வேலைக்காகாது. தண்ணி இல்லாம வாடின இளம் மரத்தைத்தான் அம்ப்ரோசியா வண்டு தேடி வந்து துளை போடும். சின்னதுல ரெண்டு தலைக்கிளை போட்டி போட்டா பனிக்கால முடிவுல ஒண்ணை எடுத்துடுங்க. அதோட சரி, தானே கோபுரம் மாதிரி வளரும். தலையை மொட்டையடிக்கற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

உருண்டையே வேண்டாம், மரம் மட்டும் வேணும்ங்கறவங்களுக்கு ரோட்டண்டிலோபானு ஒரு வகை இருக்கு. 1930-ல எங்க வட கரோலினாவுலயே கண்டுபிடிச்சது. இலை முனை கூரா இல்லாம உருண்டையா இருக்கும், காய்க்காது. எப்பவாவது ஒரு கிளை கூர் இலையோட பழைய குணத்துக்குத் திரும்பினா அந்தக் கிளையை வெட்டி எடுத்துடணும். இடம் குறைவுன்னா ஸ்லெண்டர் சில்லுவெட், ஒட்டடைக்குச்சி மாதிரி நெட்டையா அஞ்சாறு அடி அகலத்துலயே வளரும், காயும் குறைச்சல்.

காய்க்காம இருக்க மருந்து அடிக்கலாமேன்னு கேப்பீங்க. இருக்கு. எத்திஃபான், நம்ம ஊர்ல மாம்பழம் வாழைப்பழம் பழுக்கவெக்கற அதே சமாச்சாரம்தான். இங்க ஃப்ளோரெல்ங்கற பேர்ல விப்பாங்க. பூக்கற அந்தச் சில நாள்ல சரியா அடிக்கணும், மரம் பூரா நனையணும், வருஷா வருஷம் அடிக்கணும். சின்ன மரத்துக்குச் சரி. அறுபதடி மரத்துக்கு இதைப் பண்றது யானைக்கு நலங்கு மாவு பூசற கதை. அந்தக் காசுக்கு ஒரு கம்பி உருளை வாங்குங்க. பாதாம், வால்நட் பொறுக்கறதுக்குன்னு கடையில விப்பாங்க, கையில பிடிச்சு உருட்டினா உருண்டையெல்லாம் உள்ளே போய் உக்காந்துக்கும். என் பொண்ணு அதை விளையாட்டா நினைச்சு உருட்டறா, நானும் அதைக் கலைக்கலை ;-) பொறுக்கினதைச் செடிகளுக்கு அடியில பரப்பிடுவோம். கொஞ்சத்துக்குத் தங்கமணி தங்கக்கலர் பெயிண்ட் அடிச்சு கொலுப்படியோட ஓரத்துல வரிசையா வெச்சாச்சு. வந்த மாமிங்க எல்லாம் எங்க வாங்கினீங்கன்னு கேட்டாங்க!

ஆக, நான் சொல்றது இவ்ளோதான். உங்க வீட்டுல ஒண்ணு வளர்ந்து நிக்குதுன்னா, வெட்டறவனுக்கு போன் போடறதுக்கு முன்னாடி அது எங்க நிக்குதுன்னு பாருங்க. நடக்கற பாதைக்கு மேல நிக்குதா, வேர் எதையாவது உடைக்குதா, உள்ளே அழுகல் இருக்கா? வெட்டறதுல லாபம் இல்லாத ஒரு ஆர்பரிஸ்டைக் கூட்டிவந்து கேளுங்க. அவர் ஆபத்துன்னா எடுத்துடுங்க, நான் கேள்வி கேக்க மாட்டேன். குப்பை போடுதுங்கறது மட்டும்தான் காரணம்னா, அறுபது வருஷம் வளர்ந்ததை அரை நாள்ல சாய்க்கறதுக்கு அது போதுமான்னு ஒரு ராத்திரி தூங்கி எழுந்து யோசிங்க. அதே உயரத்துக்கு இன்னொண்ணு வளர்றதுக்குள்ள நாம யாரும் அந்த வீட்டுல இருக்கப் போறதில்லை.

டிஸ்கி: ஜனவரி ஓட்டெடுப்புல என்ன ஆச்சுன்னு கண்டிப்பா எழுதறேன். வெட்டணும்ங்கற கட்சியில இருக்கறவங்களும் பின்னூட்டத்துல வந்து திட்டலாம், ஆட்டோ மட்டும் அனுப்பாதீங்க :-)